சாடியில் நுரைப்பது பழச்சாறு அன்று

திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஆலயத்தில் ஏற்றப்படும் நாள்களில், தாம்பரம் மார்க்கெட்டில் பன்னீர்த் திராட்சையைக் கிலோக் கணக்கில் வாங்கிச் செல்வோருள் நம்மவர் பலரைக் காணலாம். பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று நம் புறநகரெங்கும், சில வீடுகளின் சமையலறை மூலையில் பீங்கான் சாடி இறங்கிவிடும். மசித்த பழத்தோடு ஏறக்குறைய அதே எடைச் சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, சிறிது ஈஸ்ட். வாயில் வெள்ளைத் துணி. நாள்தோறும் மரக்கரண்டியால் ஒரு கிளறல். 21 நாள் கழித்து வடித்தால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒயின் ஆயத்தம்.

இந்தக் கைப்பக்குவத்தை நாம் இகழவில்லை. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த பொறுமையின் கலை அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையையே, 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர்தாம் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வர். ஆகவே கொடியும் கனியும் நமக்கு அந்நியமல்ல. நாம் எதிர்ப்பது சாடியை அன்று. அதைச் சுற்றி நாம் பின்னி வைத்திருக்கும் பொய்களை.

முதற்பொய், “இது மதுவே அன்று, வெறும் பழச்சாறு” என்பது. ஈஸ்ட்டுக்குப் பாட்டியும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுவதே அதன் தொழில். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் உண்டாகும். நன்கு புளித்த சாடியில் அது 10 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். சாதாரண பியரில் இருப்பதோ 5 விழுக்காடு அளவே. ஈஸ்ட் ஓய்ந்தபின் எஞ்சி நிற்கும் சர்க்கரையின் இனிப்பு இந்த வீரியத்தை நாவிலிருந்து மறைக்கிறது. அந்த இனிப்பை நம்பித்தான் பத்து வயதுப் பிள்ளைக்கும் “ஒரு மூடி” ஊற்றித் தருகிறோம். கடையில் வாங்கிய புட்டியிலிருந்து அதே அளவைப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாய் துணிவாள்?

இரண்டாம் பொய், கானாவூரைச் சாட்சிக்கு இழுப்பது. ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினார் என்பது நம் விசுவாசம். அவர் அதைச் செய்தது ஓர் ஏழைக் குடும்பம் வெட்கப்படாதிருக்கவே அன்றோ? மதுவைப் படைப்பின் கொடை என்று ஏற்கும் அதே திருச்சபைக்கு, சகோதரன் இடறி விழுவானாயின் இறைச்சியும் மதுவும் தவிர்ப்பதே நலம் என்று உரோமையருக்கு எழுதினார் பவுல் அடிகளார். திமொத்தேயுவின் வயிற்றுக்காக அவர் சொன்ன அறிவுரை மட்டும் நமக்கு மனப்பாடம். இது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு விருந்தில் நாமும் அமர்ந்திருந்தோம். நான்கு ஆண்டுகளாகக் குடியை அறவே விட்டிருந்த ஒருவர் அங்கிருந்தார். தட்டில் சிறு கோப்பைகள் வந்தன. அவர் கைகூப்பி மறுத்தார். “வீட்டு ஒயின்தான் அண்ணே, ஒண்ணும் செய்யாது. நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாதீங்க” என்றார் வீட்டுக்காரர், அன்போடுதான். மூன்றாம் முறை அவரால் மறுக்க இயலவில்லை. பொங்கலுக்குள் அவர் மீண்டும் கடை வாசலில் நின்றார். அவருடைய மனைவி பின்னொரு நாள் நம்மிடம் கேட்டார்: “நீங்களும் அங்கதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” அதற்கு அன்றும் நம்மிடம் விடையில்லை, இன்றும் இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் காலம் தாழ்த்திச் செய்யும் கழுவாய்.

மூன்றாம் பொய், சட்டம் நம்மைத் தீண்டாது என்பது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. கள், சாராயம் மட்டுமன்றித் திராட்சை மதுவும் அதன் கண்ணில் மதுவே; உரிமமின்றித் தயாரிப்பது குற்றமே. 2003 முதல் டாஸ்மாக் கடைகளின் வழியே அரசே மதுவைச் சில்லறையாய் விற்க, பாட்டியின் சாடி மட்டும் குற்றமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அநீதி என்று கருதினால் சட்டத்தைத் திருத்துமாறு வெளிப்படையாய்க் கோருவோம். ஆனால், கடைகளை மூடச்சொல்லும் மனுவில் காலையில் கையொப்பமிட்டுவிட்டு, மாலையில் தெரிந்தவர்களுக்குப் புட்டி 300 ரூபாய் என்று மறைவாய் விற்பது எந்த நியாயத்தில் சேரும்? 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோரை, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரை நச்சுச் சாராயம் கொன்றது. அவர்களைக் கொன்றது மெத்தனால். நம் சாடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அக்கைம்பெண்களுக்காகச் செபிக்கும் வாய், மதுவைப் பற்றி இரட்டை நாக்கு உடையதாய் இருத்தல் தகுமா?

நற்கருணைக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று வந்த கலப்பற்ற இயற்கை இரசமாய் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அத்துணைக் கண்டிப்புள்ள திருச்சபையே, மதுவைத் தொட இயலாத நிலையிலுள்ள குருவோ பொதுநிலையினரோ, ஆயரின் இசைவு பெற்று, புளிப்பு தொடங்கியவுடன் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் வழிவகைகளை உறுதி செய்தது. பலிபீடமே ஒரு பலவீனமான சகோதரனுக்காக இவ்வளவு குனிகிறது. நம் வரவேற்பறை மட்டும் குனியாதோ?

ஆகவே நாம் கேட்பது இவைதாம். சாடியில் இருப்பதை மது என்றே சொல்வோம். பிள்ளைகளுக்கு ஊற்றாதிருப்போம். காசுக்கு விற்காதிருப்போம். விருந்தில் அதே தட்டில், அதே அழகிய கோப்பைகளில், புளிக்காத திராட்சைச் சாற்றையும் வைப்போம். வேண்டாம் என்று ஒருவர் கைகூப்பினால், அந்தக் கூப்பிய கைகளுக்குப் பின்னால் எத்தனை இரவுகளின் போராட்டம் இருக்கிறதோ என்றெண்ணி, இரண்டாம் முறை கேளாதிருப்போம்.