"ஒரு கோழிக்குப் போயா அழுகுற?"

1/ இப்படிக் கேட்டுச் சிரிக்கிறவங்களுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ தேனிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரி ஓபி. ஒரு அப்பத்தா. நாலு நாளா தூக்கமில்ல, சோறு இறங்கல. பிபி, சுகர் நார்மல். பேச்சுக் கொடுத்தா, வளர்த்த கோழி ராத்திரியோட ராத்திரியா செத்துப்போச்சாம். திருப்பூர்ல இருந்து வந்த மகன், "சந்தையில வேற வாங்கித் தர்றேன்னுட்டேன் சார், கேக்க மாட்டேங்குது"ன்னு சிரிக்கிறார். தூக்க மாத்திரை வேணுமாம்.

3/ தனியா இருக்குற வீட்டுல, விடிஞ்சதும் காலைச் சுத்தி வந்த உயிர் அது ஒண்ணுதான். ஊர் மதிக்காத இந்த மாதிரி துக்கத்தைப் பத்தி அமெரிக்காவோட கென்னத் டோக்கா 1989-லயே புத்தகம் போட்டுட்டார். அழக்கூட விடலன்னா துக்கம் எப்படி ஆறும்? இதுக்கு மாத்திரை எழுத மாட்டேன்.

4/ "நான் சரியாப் பாக்கலையோ"ன்னு அப்பத்தா கேட்டாங்க. நான் மனுச டாக்டர். அதுக்கு என்ன நோய்னு சொல்ல முடியாது. ஆனா வெள்ளைக்கழிச்சல் கடுமையா வந்தா ஓரிரு நாள்லயே கொன்னுடும், குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி இருக்கு. அரசு முகாம்லயே இலவசமா போடுறாங்க. "கோழிக்குப் போய் ஊசியா?"ன்னு சிரிச்சதும் இதே வாய்தானே? குத்தம் அப்பத்தா மேல இல்ல.

5/ செத்த கோழியைக் குழம்பு வெக்காதீங்க, முல்லைப் பெரியாத்து வாய்க்கால்ல வீசாதீங்க. சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க. நாலஞ்சு ஒண்ணா செத்தா கால்நடை டாக்டர்கிட்ட சொல்லுங்க. பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம்.

6/ "வேற வாங்கலாம்"னு சொல்றதுக்கு முன்னாடி "அது பேரென்ன?"ன்னு கேளுங்க. நான் கேட்டேன். அப்பத்தா பத்து நிமிஷம் அதைப் பத்தியே பேசினாங்க. மகன் சிரிப்பை நிறுத்திட்டார்.