பங்கு வாங்குமுன் நான்கெல்லை பார்க்க வேண்டும்

ஒரு ஏக்கர் நிலம் வாங்கப் போகும் விவசாயி என்ன செய்கிறார்? பத்திரத்தை வாங்கிப் படிக்கிறார். தமக்குப் படிக்க வராவிட்டால் படித்தவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பட்டா யார் பேரில் இருக்கிறது, அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரிக்கிறார். கடைசியில் நிலத்துக்கே சென்று நான்கெல்லையையும் நடந்து பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்கிறார்.

அதே விவசாயி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரும்போது நடப்பது வேறு. "பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள் அண்ணே, ஆயிரம் ரூபாய் கட்டினால் மானியம் வரும்" என்று தெரிந்த பையன் ஒருவன் சொன்னால் போதும். கையெழுத்தும் விழுந்துவிடுகிறது, பணமும் கை மாறிவிடுகிறது. கட்டிய பணம் பங்கா, நன்கொடையா, வைப்புத் தொகையா, மானியத்துக்கான கட்டணமா என்று கேட்பவர் சிலரே. இரண்டு ஆண்டு கழித்து, "அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று?" என்று டீக்கடையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்பவர்களே அந்தக் கம்பெனியின் முதலாளிகள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்த நிலை மாற வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் அரிச்சுவடியைக் கற்ற பிறகே விவசாயி பங்கு வாங்க வேண்டும். அதைக் கற்பித்த பிறகே நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

எந்த அமைப்பில் என்ன பொறுப்பு?

தொழில் நடத்தப் பல அமைப்புகள் உண்டு. ஒருவர் தனியாக உரக்கடை வைத்தால் லாபமும் அவருடையது, கடனும் அவருடையது. இருவர் மூவர் சேர்ந்து கூட்டு வியாபாரம் செய்தால் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பொருந்தும். அதில் ஒரு கூட்டாளி வியாபாரத்துக்காக வாங்கிய கடனுக்கு மற்றக் கூட்டாளியின் சொந்த நிலமும் பொறுப்பாகும். நெருங்கிய உறவினர் என்று நம்பிக் கூட்டுச் சேர்ந்து, நிலத்தை இழந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கூட்டுறவுச் சங்கம் மூன்றாவது வகை. தமிழ்நாட்டில் இதற்கு 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. இங்கே பதிவாளரின் கை மேலோங்கியது. கணக்கில் தவறு நடந்தால் அவர் விசாரணை நடத்தலாம். நிர்வாகக் குழுவைக் கலைக்கவும் செய்யலாம். அதனால் பாதுகாப்பும் உண்டு, அரசின் தலையீடும் உண்டு.

நான்காவது, உற்பத்தியாளர் நிறுவனம். பொருளியலாளர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தால் இது பிறந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் இதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் தனி அத்தியாயமாகக் கொண்டுவந்தது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. கூட்டுறவின் குணமும் கம்பெனியின் சுதந்திரமும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு இது.

ஆனால் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. கூட்டுறவைப் போல அன்றாடம் மேற்பார்க்கும் துறை அதிகாரி இங்கே இல்லை. கம்பெனிகள் பதிவாளர் தாள்கள் நேரத்தில் வந்தனவா என்று பார்ப்பாரே தவிர, கிட்டங்கியில் மூட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வரமாட்டார். காவல் உறுப்பினர்களின் கையில்தான் இருக்கிறது. காவல்காரனுக்கே சட்டம் தெரியாவிட்டால் களத்து நெல் என்னாகும்?

கம்பெனி ஒரு தனி ஆள்

கம்பெனிச் சட்டத்தில் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. கம்பெனி சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். அது தன் பெயரில் சொத்து வாங்கும், கடன் வாங்கும், வழக்குத் தொடுக்கும். அதன் கடன் உறுப்பினரின் கடன் ஆகாது.

லண்டனில் சாலமன் என்ற தோல், காலணி வியாபாரி தம் தொழிலை 1892இல் ஒரு கம்பெனியாக மாற்றினார். பங்குகளில் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. மற்றவை எல்லாம் அவருக்கு. கம்பெனி நொடித்தபோது, "கம்பெனியும் சாலமனும் ஒன்றே, அவர் தம் கையிலிருந்து கடனைக் கட்ட வேண்டும்" என்று வழக்கு நடந்தது. 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் இதே அடித்தளத்தின்மேல் நிற்கிறது.

விவசாயிக்கு இதில் என்ன? ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி முழுப் பணத்தையும் கட்டியவருக்கு, நிறுவனம் கோடி ரூபாய் கடன்பட்டு மூழ்கினாலும் நட்டம் அந்த ஆயிரத்தோடு சரி. அவருடைய கிணறும் மாடும் போகா. கூட்டாண்மையில் இந்த வரப்பு இல்லை.

இந்த வரப்பை வெட்டிவிடும் மண்வெட்டி ஒன்று உண்டு. அதுதான் ஜாமீன் கையெழுத்து. வங்கிக் கடனுக்கு இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டால், அந்த அளவுக்குச் சட்டம் தந்த பாதுகாப்பைத் தாங்களே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார்கள். நிறுவனத்துக்காகப் போடும் கையெழுத்து எது, தமக்காகப் போடும் கையெழுத்து எது என்று பிரித்தறியாமல் பேனாவைத் தொடக் கூடாது.

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு

மற்றக் கம்பெனிகளில் பங்கு அதிகமானால் ஓட்டும் அதிகம். விவசாயிகளை உறுப்பினராகக் கொண்ட உற்பத்தியாளர் நிறுவனத்தில் அப்படியன்று. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. எனினும் விதிகளில் இடமிருந்தால், நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டு என்று வைக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. விளைச்சலை வெளி வியாபாரிக்குப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் மட்டும் உரிமை கேட்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

லாபம் பிரிக்கும் முறையும் வேறு. பங்குத் தொகைக்கு ஓர் அளவுக்கு உட்பட்ட ஆதாயம் மட்டும் உண்டு. அதையும் காப்பு நிதியையும் ஒதுக்கியது போக மிஞ்சுவதை, யார் எவ்வளவு சரக்கு நிறுவனத்தின் வழியாக விற்றார்களோ அந்த விகிதத்தில் போனஸாகப் பிரிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். உறுப்பினர்கள் 1,000 குவிண்டால் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். போனஸுக்கு 40,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குவிண்டாலுக்கு 40 ரூபாய். பத்துப் பங்கு வைத்திருந்தும் 5 குவிண்டால் போட்டவருக்கு 200 ரூபாய். ஒரே பங்கு வைத்திருந்து 50 குவிண்டால் போட்டவருக்கு 2,000 ரூபாய். பணம் போட்டவரைவிட உழைத்து விளைவித்தவருக்கு மதிப்புத் தரும் ஏற்பாடு இது. ஆனால் இந்த போனஸை அங்கீகரிப்பது பொதுக்குழு. கூட்டத்துக்குப் போகாதவர் இந்த முடிவில் தம் குரலை இழக்கிறார்.

அந்தக் கூட்டம் நடக்க மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கினராவது வர வேண்டும். ஆயிரம் உறுப்பினர் என்றால் 250 பேர். நாற்பது பேர் வந்து டிபன் சாப்பிட்டுப் போன கூட்டத்துக்கு 250 கையெழுத்து வாங்கிச் சேர்த்தால், அன்றைக்கே நிறுவனத்தின் வேரில் கரையான் ஏறிவிட்டது என்று பொருள்.

பார்க்க வேண்டிய நான்கெல்லை

நிலத்துக்கு நான்கெல்லை இருப்பதுபோல் நிறுவனத்துக்கும் நான்கு தாள்கள் உண்டு.

முதலாவது, நிறுவனத்தின் விதிகள். அமைப்பு முறையேடு என்பது நிறுவனம் எந்தத் தொழில் செய்யலாம் என்று சொல்வது. செயல்முறை விதிகள் என்பது அதை எப்படி நடத்துவது என்று சொல்வது. பங்கின் விலை, இயக்குநரின் பதவிக் காலம், யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் இதில்தான் இருக்கும்.

இரண்டாவது, உறுப்பினர் பதிவேடு. தம் பெயரும் பங்குகளின் எண்ணிக்கையும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் வாரிசை நியமிக்க வேண்டும். இந்தப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. இயக்குநர் குழுவின் முன் அனுமதியோடு, தொழிலில் ஈடுபட்டுள்ள இன்னோர் உறுப்பினருக்கு, முக மதிப்பில்தான் மாற்றலாம். ஆயிரம் பல்லாயிரம் ஆகும் என்று யாராவது ஆசை காட்டினால் அது பொய்.

மூன்றாவது, ஐந்தொகையும் லாப நட்டக் கணக்கும். பொதுக்குழுவுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அதோடு தணிக்கை செய்த கணக்கும் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் சேர்ந்து வர வேண்டும் என்பது சட்டம். கணக்கில் மூன்று கேள்வி கேட்டால் போதும். பங்குப் பணம் எவ்வளவு வந்தது? அது இப்போது சரக்காக, ரொக்கமாக, வரவேண்டிய பாக்கியாக எங்கே இருக்கிறது? மானியத்தைக் கழித்துவிட்டால் வியாபாரத்தில் லாபமா நட்டமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் நட்டம் என்றால், மானியம் நின்ற மறு ஆண்டு கதவு சாத்தப்படும்.

நான்காவது, பொதுக்குழுவின் மினிட் புத்தகம். கூட்டத்தில் பேசியது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் சட்டத்தின் முன் நிற்பது எழுதியதே. இதைப் பார்க்க உறுப்பினர்க்கு உரிமை உண்டு. இயக்குநர்களுக்குக் கடன் தருவதானால் அதன் நிபந்தனையையும் உச்ச அளவையும் பொதுக்குழுவே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இயக்குநர் நாற்காலியின் பாரம்

குறைந்தது 5, அதிகம் போனால் 15 இயக்குநர்கள் இருக்கலாம். ஊரில் நல்ல பெயர் உள்ளவரை அழைத்து, "உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும் மாமா" என்று இயக்குநராக்குவது வழக்கமாகிவிட்டது. பெயர் மட்டும் இருக்கும் இயக்குநர் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை. சட்டத்துக்கோ விதிகளுக்கோ மாறான தீர்மானத்துக்கு ஓட்டளித்து நிறுவனத்துக்கு நட்டம் வந்தால், ஓட்டளித்த இயக்குநர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் அதை ஈடுகட்ட வேண்டும்.

ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவாளருக்குத் தாமதமாக அனுப்பினால், 2018 ஜூலை முதல் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஒரு படிவம் ஓராண்டு தூங்கினால் 36,500 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு அனுப்பாவிட்டால் அந்த இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பதவிக்கு மீண்டும் நியமிக்கப்படவோ, வேறு கம்பெனியில் இயக்குநராகவோ தகுதி இழக்கிறார்கள். ஆட்டுக்கிடை போட்டு நிலத்தை வளப்படுத்தத் தெரிந்த நல்ல விவசாயி, ஒரு தாள் போகாத காரணத்தால் இந்தப் பழியைச் சுமக்க வேண்டுமா?

முதலில் பள்ளி, பிறகு பதிவு

மத்திய அரசு 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், அமைப்பு ஒன்றுக்கு மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கும், உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வீதம் 15 லட்சம் ரூபாய் வரை பங்கு மூலதன மானியத்துக்கும் வகை செய்யப்பட்டது. சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும் என்றும் விதித்தார்கள். தமிழ்நாட்டிலோ 2017-18இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டம் நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தந்தது. உதவிகள் நல்லவையே. ஆனால் தலையை எண்ணிப் பணம் தருவதால், தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் நிற்பதில்லை.

"விவசாயிக்கு ஏது நேரம்? தலைமை நிர்வாகியும் ஆடிட்டரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வேண்டியவர்களே. ஆனால் தலைமை நிர்வாகி உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது சட்டம்; அவர் சம்பளத்துக்கு வருபவர், சம்பளம் நின்றால் போய்விடுவார். உறுப்பினர் எங்கும் போக முடியாது. சட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதும் ஒரு சாக்கு. சிட்டாவும் அடங்கலும் பாகப்பிரிவினைப் பத்திரமும் புரிந்துகொண்ட விவசாயிக்கு ஐந்தொகை புரியாமல் போகாது.

ஆகவே, பதிவுக்கு முன் ஊர்ச் சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ பத்து மாலை வகுப்பு நடத்த வேண்டும். நிறுவனத்தை அமைக்க வரும் தொண்டு நிறுவனமோ துறையோ விதிகளைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். அதை வரிவரியாக உரக்கப் படிக்க வேண்டும். நடந்துவரும் வேறொரு நிறுவனத்தின் கணக்கை எடுத்துவைத்து அலச வேண்டும். ஒரு நாள் ஒத்திகையாகப் பொதுக்குழுக் கூட்டம் நடத்தி, பெண் விவசாயிகளையும் எழுந்து கேள்வி கேட்கச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் சேர விரும்புவோரிடம் மட்டும் பங்குப் பணம் வாங்கினால், முந்நூறு பேருக்குப் பதில் முதலில் நூறு பேர்தான் தேறலாம். மானியம் ஓராண்டு தள்ளிப் போகலாம். போகட்டும். நாற்று முற்றுமுன் அவசரப்பட்டுப் பிடுங்கி நட்டால் பயிர் தேறாது என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பெரியவர்கள் சொன்னது, தனியாக நின்று உழுதவனைப் பார்த்து. பத்துப் பேராகச் சேர்ந்து கம்பெனி நடத்தும்போது, உழுதவன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது. வரப்போகும் பொதுக்குழுவுக்குப் போகிறவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.