கிணற்றில் குதிக்கும் பிள்ளைக்கு ஒரு பாதை வேண்டும்!

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர்.

வானம் பார்த்த பூமி. பட்டாசு காய்வதற்கு ஏற்ற வெயில். பிள்ளைகள் நீந்துவதற்கு ஏற்ற தண்ணீர்தான் குறைவு!

இந்தப் பக்கத்தில் நீச்சல் பள்ளிக்கூடம் என்றால், அது கிணறுதான். அண்ணனோ மாமனோதான் வாத்தியார். பையனின் இடுப்பில் ஒரு கயிறு. முதுகில், முன்பு சுரைக்குடுக்கை. இப்போது காலி பிளாஸ்டிக் கேன்.

"காலை உதறுடா! கையை வீசுடா!" என்று மாமன் மேலே நின்று சத்தம் போடுவார். சில நாட்களில் பையன் மிதந்து விடுவான்.

அதற்குப் பிறகு?

நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். அவன் வேகமாக நீந்துகிறானா, மெதுவாக நீந்துகிறானா? யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

பாதை எதற்கு?

பந்தய நீச்சல் குளத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் நீளம் 50 மீட்டர். ஒலிம்பிக் பந்தயத்தில் 8 பேர் நீந்துவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. பாதைக்குப் பாதை நடுவே மிதக்கும் கயிறு.

அந்தக் கயிறு எல்லைக்கோடு மட்டும் அல்ல. அதில் கோத்திருக்கும் வட்டுகள் அலையை உடைக்கின்றன. பக்கத்தில் நீந்துபவர் எழுப்பும் அலை, அடுத்தவரைத் தடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

முன்சுற்றில் முந்தியவருக்கு நடுவில் உள்ள 4-ம் பாதை. அடுத்தவருக்கு 5-ம் பாதை. பிந்தியவர்களுக்கு ஓரப் பாதைகள்.

தண்ணீர் லேசில் வழிவிடாது. அது காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. 2009-ம் ஆண்டில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அது மணிக்கு 37 கிலோ மீட்டருக்கு மேல். அதே ஆண்டில் பிரேசில் வீரர் சீசர் சியலோ 50 மீட்டரை 20.91 வினாடியில் நீந்தி, உலக சாதனை படைத்தார். அது மணிக்கு எட்டரைக் கிலோ மீட்டர்தான்! சைக்கிளில் போகும் தாத்தாகூட அவரை முந்திவிடலாம்.

ஆகவே, நீச்சலில் வேகம் என்பது முரட்டுப் பலம் அல்ல. உடம்பை நேராக வைத்து, தண்ணீரைக் கலக்காமல் போகும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு நீளமான பாதை வேண்டும். கடிகாரமும் வேண்டும்.

நெய்வேலி காட்டிய வழி

சஜன் பிரகாஷ் கேரளத்தில் பிறந்தவர், நெய்வேலியில் வளர்ந்தவர். 2021-ம் ஆண்டு ஜூன் மாதம், ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் 1 நிமிடம் 56.38 வினாடியில் கரை தொட்டார். ஒலிம்பிக் போட்டிக்கு நேரடியாகத் தகுதி பெற வைத்திருந்த அளவு 1 நிமிடம் 56.48 வினாடி. பத்தில் ஒரு வினாடிதான் வித்தியாசம்! அந்த "ஏ" தகுதியை எட்டிய முதல் இந்தியர் அவரே.

கிணற்றில் பழகியவனுக்கு இந்தப் பத்தில் ஒரு வினாடி எப்படித் தெரியும்? ஆமத்தூர்ப் பிள்ளையிடம் துணிச்சல் இருக்கிறது. பாதைதான் இல்லை.

தண்ணீருக்கு எங்கே போவது?

"குடிக்கவே தண்ணீர் பஞ்சம். இதில் நீச்சல் குளமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கணக்குப் பாருங்கள். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம். நாலு பாதை அமைக்கலாம். இதற்கு 3 லட்சம் லிட்டர் தண்ணீர் போதும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 25 நடை. இதை தினமும் கொட்டுவது இல்லை. வடிகட்டி, குளோரின் கலந்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஆவியாகிப் போவதையும், சுத்தம் செய்யும்போது குறைவதையும் நிரப்பினால் போதும்.

ஊருக்கு ஒரு குளம் வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒன்று இருக்கட்டும். ஏற்கெனவே குளம் வைத்திருப்பவர்கள், வாரத்தில் இரண்டு நாள் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும்.

முதல் பாதை யாருக்கு?

பொதுக் குளங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வேகமாக நீந்துவோருக்கு ஒரு பாதை. மெதுவாக நீந்துவோருக்கு ஒரு பாதை. ஒருவரை ஒருவர் இடிப்பது இல்லை. யாரும் யாரையும் விரட்டுவது இல்லை.

அந்த மெதுவான பாதைதான் முக்கியம். 2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 வயதைத் தொடாதவர்கள்! ஒரு மழை பெய்து கண்மாய் நிறைந்தால், "கடப்பாரை நீச்சல்" தெரிந்த பிள்ளைகளும் இறங்கத்தானே செய்வார்கள்?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். தம்பி கிணற்றில் குதிப்பான். அக்கா மேட்டில் நின்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். தண்ணீர் ஆண், பெண் பார்த்து மூழ்கடிப்பது இல்லையே! அவளுக்கும் தினம் ஒரு மணி நேரம், பெண் பயிற்சியாளருடன், ஒரு பாதை ஒதுக்க வேண்டும்.

ஒலிம்பிக் பதக்கம் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. நீந்தப் போன பிள்ளை, சாயங்காலம் ஈரத்தலையோடு வீடு திரும்ப வேண்டும். அதுவே முதல் பரிசு!