கண்ணுக்கு அழகு மட்டும் போதுமா?

நம் பிள்ளைகள் இணையப் பக்கம் செய்யக் கற்கிறார்கள். தமிழக அரசின் 11-ம் வகுப்பு "கணினிப் பயன்பாடுகள்" நூலிலேயே எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பாடங்கள் இருக்கின்றன. தேனி, கம்பம், போடி மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால், செய்யும் பக்கம் எல்லோருக்கும் பயன்படுகிறதா?

எச்.டி.எம்.எல். என்பது வீட்டின் சுவரும் வாசலும் போன்றது. எது தலைப்பு, எது பட்டியல், எது பொத்தான் என்று அது சொல்கிறது. சி.எஸ்.எஸ். என்பது வர்ணம். நிறமும், எழுத்தின் அளவும், இடைவெளியும் அதன் வேலை. சுவர் இல்லாமல் வர்ணம் பூச முடியுமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி ஒரு மாணவர் பக்கம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புக்கு உரிய குறியைப் போடாமல், வெறும் எழுத்தைப் பெரிதாக்கிவிடுகிறார். பார்ப்பவருக்கு அது தலைப்பு. பார்வை இல்லாதவருக்கு?

2011 கணக்குப்படி, இந்தியாவில் பார்வைக் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளின் துணையால் அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம். "என்.வி.டி.ஏ." என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2006-ல் அதைத் தொடங்கியவர், பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர்! அதில் ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். ஆனால், குறியே இல்லாத பக்கத்தில் எங்கே தாவுவது?

திராட்சைப் படத்துக்கு விளக்கம் எழுதவில்லை என்றால், அங்கே என்ன படம் என்று அவருக்குத் தெரியாது. பெயர் கேட்கும் கட்டத்துக்குப் பெயர் இடவில்லை என்றால், எதை நிரப்புவது என்று தெரியாது. மொழியையும் குறிக்கவேண்டும். பல மாதிரிப் பக்கங்களில் மொழி "ஆங்கிலம்" என்றே இருக்கும். அதைத் "தமிழ்" என்று மாற்றினால்தான் தமிழ்க் குரலில் படிக்கும்.

நிறத்திலும் கவனம் தேவை. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். வெயிலில், தோட்டத்தில் நின்று கைபேசி பார்க்கும் விவசாயிக்கு அது தெரியுமா? சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்கிறது உலக வழிகாட்டி.

இது தர்மம் அல்ல, உரிமை! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. இணைய வசதிகளை அடைவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மாணவர்களே! பக்கம் முடிந்ததும் மவுசைத் தள்ளி வையுங்கள். டேப் விசையால் மட்டும் எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். ஆசிரியர்களே! அழகுக்குத் தரும் மதிப்பெண்ணை இதற்கும் தாருங்கள்.

வாய்க்கால் வெட்டினால் போதாது. கடைமடைக்கும் தண்ணீர் போகவேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வாழும் பள்ளத்தாக்குக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!