பட்டையில குடிங்க

ஊருக்கு வந்த மருமகப்பிள்ளை போனில் ஒரு மடக்கு டம்ளர் காட்டினார். அமுக்கினா தட்டையாயிடும், சட்டைப் பைக்குள்ள போயிடும். நல்ல யோசனைதான்.

எங்க மயிலம் பக்கம் பதநீர் ஊத்திக் குடுக்கிற பட்டையைப் பார்த்திருக்கீங்களா? பச்சைப் பனையோலையின் மடிப்பை விரிச்சு, நுனிகளைச் சேர்த்து, ஓலைக் கிழிசலாலேயே ஒரு முடிச்சு. பசை இல்ல, ஊசி இல்ல, ஒழுகாது. ஓலை வாசத்தோட குடிக்கிறது தனி ருசி. வரப்போரம் போட்டா மக்கிடும்.

பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 சனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை வந்தாச்சு. இருந்தும் திண்டிவனம் ரோட்டில் காரை நிறுத்துறவங்க அதைத்தான் கேட்கிறாங்க. பட்டையில குடிச்சா சட்டையில சிந்துமாம். கேட்க ஆள் இல்லைன்னா மடிக்கிறவரும் விட்டுடுவார். அடுத்த தடவை பட்டைதான் வேணும்னு கேளுங்க. சிந்தினா துவைச்சுக்கலாம்.