அவுரி என்றால் எந்த அவுரி?

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் வத்திராயிருப்பை ஒட்டிய நம் ஊருக்கு முன்னால் 'வ.' என்று ஓர் எழுத்தைப் போட்டு எழுதுகிறோம். லாரி புக்கிங் ஆபீசில் அந்த ஓர் எழுத்து விட்டுப்போனால் மூட்டை எந்தப் புதுப்பட்டியில் போய் இறங்கும் என்பது வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், கடையில் நாட்டு மருந்து டப்பாவின் மேல் வெறுமனே 'அவுரி' என்று எழுதி ஒட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோமே, அது சரிதானா?

அவுரி என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்பனையாகின்றன. ஒன்று நீலி எனப்படும் நீல அவுரி. துணிக்கு நீலச் சாயம் எடுத்த செடி இதுதான். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இதன் வியாபாரம் படுத்துப்போனது. இப்போது தலைமுடிச் சாயத்துக்காக மருதாணிப் பொடியோடு சேர்த்து மறுபடியும் கேட்டு வாங்குகிறார்கள். நாட்டு வைத்தியத்தில் விஷ முறிவுக்கும் கூந்தல் தைலத்துக்கும் சேர்வதும் இந்த அவுரியே.

மற்றொன்று நிலவாகை. நிலாவிரை என்றும் சொல்வார்கள். ஏற்றுமதி வட்டாரத்தில் சென்னா. மஞ்சள் பூப் பூக்கும் இந்தச் சிறு செடி நம் விருதுநகர் மாவட்டத்திலும், தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பகுதிகளிலும் மானாவாரியாக விளைகிறது. இதையும் விவசாயிகள் அவுரி என்றே அழைக்கிறார்கள். வேளாண்மைத் துறையினரின் தமிழ் வெளியீடுகளிலும் அவுரி என்ற பெயர் இதற்கு உண்டு. ஆகவே பெயர்க் குழப்பத்துக்கு நம் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நிலவாகையின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரேபியாவையும் சோமாலியாவையும் பூர்வீகமாகக் கொண்ட செடி, கடல் தாண்டி வந்து நம் தென்பாண்டிச் சீமையின் வறண்ட மண்ணை ஏற்றுக்கொண்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய இலையும் காயும், அந்நிய நாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரோடே நெடுங்காலம் அச்சாகி வந்தன. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி கே.கே.எம்.1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. சுங்கத் தீர்வைப் பட்டியலில் 1211 என்ற தலைப்பின் கீழ் சென்னா இலைக்கும் காய்க்கும் என்றே தனி எண் உண்டு. வெளிநாட்டுக்காரன் ஊர்ப் பெயர் சொல்லி வாங்கிய சரக்கு, விளைந்த மாவட்டத்துக் கடையில் பாதிப் பெயரோடு கிடக்கிறது!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிலவாகை பேதி மருந்து. இதிலுள்ள சென்னோசைடு என்ற சத்து வயிற்றிலும் சிறுகுடலிலும் மாறாமல் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்கிருமிகளால் உடைபட்ட பிறகே வேலையைக் காட்டுகிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்வது அதனால்தான். சுக்கு, மிளகு, ஓமம் சேர்த்து நிலவாகைச் சூரணம் செய்து, அளவறிந்து கொடுத்தவர்கள் நம் சித்த வைத்தியர்கள். அளவோடு சில நாட்கள் என்றால் நல்ல மருந்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பின் பொட்டாசியச் சத்து குறையும். குடலும் அது இல்லாமல் அசைய மறுக்கும். இதய நோய்க்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. (உடம்பு இளைக்க என்று விற்கும் சில டீத்தூள்களிலும் இதே இலைதான் இருக்கிறது. இளைப்பது கொழுப்பு அல்ல, பேதியில் போகும் தண்ணீர்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். வைத்தியர் நீலியை மனத்தில் வைத்து 'அவுரி' என்று சீட்டில் எழுதுகிறார். ஏற்கெனவே நோயில் தளர்ந்த ஒரு பெரியவருக்காக மகன் வந்து வாங்குகிறார். நம் கடைப் பையன் கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து நிலவாகையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறான். இரவெல்லாம் அந்தப் பெரியவர் படும் பாட்டுக்கு யார் பொறுப்பு? முடிக்குச் சாயம் போட வாங்கிய அம்மாளுக்கு நிலவாகைப் பொடி போயிருந்தாலோ, நரை அப்படியே இருக்கும். அது சிறிய நஷ்டம்தான். ஆனால் அந்த அம்மாள் மறுமுறை நம் கடைப் படி ஏறமாட்டார்.

"சீட்டில் இருப்பதைக் கொடுப்பதுதான் நம் தொழில், நாம் என்ன வைத்தியரா?" என்று சில உறுப்பினர்கள் கேட்பது நமக்குத் தெரியும். வைத்தியம் சொல்ல வேண்டாம். அரிசி என்று கேட்டு வந்தவரிடம் பச்சரிசியா, புழுங்கலா என்று கேட்காமல் எந்த மளிகைக் கடைக்காரரும் நிறுத்துப் போடுவதில்லையே! அந்த ஒரு கேள்வியைத்தான் இங்கும் கேட்கச் சொல்கிறோம். "தலைக்கா, வயிற்றுக்கா, வைத்தியர் சொன்னதா?" என்று கேட்க அரை நிமிஷம் ஆகுமா?

சரக்கை அடையாளம் காண்பதும் கடினமில்லை. நிலவாகை இலை நீண்டு, நுனி கூர்ந்து, வெளிறிய பச்சையாக இருக்கும். அடிப்பக்கம் இரு புறமும் சமமாக இராது. காய் தட்டையாக அகன்றிருக்கும். நீல அவுரியின் இலை சிறியது, நுனி மழுங்கியது, காய்ந்தால் கறுத்துப்போகும். காய் மெல்லிய குச்சிபோல் உருண்டிருக்கும். பொடியாக வந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால்மணி நேரம் வையுங்கள். நல்ல நீல அவுரிப் பொடி என்றால் மேற்பரப்பில் நீலம் ஏறும். நிலவாகைப் பொடியில் ஏறாது. நிலவாகையோடு ஆவாரை இலையைக் கலப்பதும் பழைய கலப்படம். பொடியாக்கிவிட்டால் பார்த்துப் பிரிக்க முடியாது, லேபாரட்டரிக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே நிலவாகையை மட்டுமாவது இலையாகவே கொள்முதல் செய்யுங்கள் என்பது நம் கருத்து. நிழலில் காய்ந்து பச்சை மாறாத இலையைப் பார்த்து எடுங்கள். வெயிலில் போட்டு வெளுத்ததும், ஈரம் பட்டுப் பழுத்ததும் தரம் குறைந்தவை.

இன்னொன்று. சதுரகிரி நமக்குப் பக்கம். ஆடி அமாவாசைக்கு மலையேறிவரும் பக்தர்கள் திரும்பும்போது மூலிகை என்று கேட்டு வாங்குவார்கள். 'மலை மூலிகை' என்று சொன்னால் நாலு காசு கூடக் கிடைக்குமே என்ற ஆசை யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் நிலவாகை மலையில் பறித்தது அல்ல, சமவெளியில் நம் விவசாயி விதைத்து அறுத்தது. மலையோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கிருந்து வந்த சரக்கு என்று நாமே சொல்லிக்கொள்வது பொய் மட்டுமல்ல, வனத்துறையை வீட்டுக்கு அழைப்பதாகும். 'மானாவாரி நிலவாகை' என்று சொல்லி விற்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

டப்பாவில் ஒன்றுக்கு 'நீல அவுரி', மற்றொன்றுக்கு 'நிலவாகை (சென்னா)' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்க வேண்டாம். பொட்டலத்தின் மேலும் அதே பெயரை எழுதிக் கொடுங்கள். அடுத்த கொள்முதலில் பில்லில் 'அவுரி' என்று மட்டும் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் மொத்த வியாபாரியிடம் எந்த அவுரி என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.