கணினி மொழியியலும் இலக்கணம் கற்றோரும்

கணினி மொழியியல் என்னும் பட்டப்பின் படிப்பை மாணவர்க்குச் சுட்டுவோர் இன்று பலர். அவர்கள் பெரும்பாலும் கணிதப் பிரிவினரையே நோக்குகின்றனர். இஃது அரைப்பார்வை என்பது எம் துணிபு.

பிராக் நகரத்துச் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்கியந்தோறும் சொற்களின் இலக்கணத் தொடர்பைக் குறித்துத் தமிழுக்கு ஒரு தொகுப்பு ஆக்கினர். 2012 இல் அதுபற்றிய ஆய்வுரை வெளிவந்தது. அதன் அளவு 600 வாக்கியம். அப்பல்கலைக்கழகத்தார் செக் மொழிக்கு ஆக்கியதோ 80,000 வாக்கியத்துக்கும் மேல்! பொறிக்குறைவன்று, குறியிட வல்லாரின் குறைவே இவ்வேற்றுமைக்குப் பெருங் காரணம் என எண்ணுகிறோம்.

'குயில் பாடும்' என்பதிற் பாடும் என்பது முற்று. 'பாடும் குயில்' என்பதிற் பெயரெச்சம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இது முற்று, இஃது எச்சம் என ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒருவர் குறித்து வைத்தல் வேண்டும். பகுபத உறுப்பிலக்கணத்தைச் சலிப்போடு ஒப்புவிக்கும் நம் மாணவன் இதனை எளிதில் நம்பான். பெருந்தொகையான உரையை ஊட்டினாற் பொறி தானே கற்றுக்கொள்ளும் என்பாரும் உளர். கற்றது சரியோ எனச் சோதிப்பவர் யாவர்?

நம் உயர்தர வகுப்பிலோ கணிதம் பயில்வோன் தமிழை விடுகிறான். தமிழ் பயில்வோன் பெரும்பாலும் கணிதத்தை விடுகிறான். மேற்படிப்பின் வாயிலில் இருவரும் பாதி ஆயத்தத்துடனேயே நிற்கின்றனர்.

மொறட்டுவை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இத்துறை ஆய்வு நடைபெறுகின்றது. பழைய மாணவர் சங்கத்தார், தமிழைச் சிறப்பாகக் கற்று நிரலாக்கமும் பயில முன்வரும் ஒரு மாணவனுக்கேனும் இந்த யூபிலி ஆண்டில் உதவிப்பணம் ஒதுக்குவாராக. அவன் விண்ணப்பத்தைக் கணிதப் புள்ளி கொண்டு மட்டும் அளவிடாதிருத்தல் வேண்டும்.